கழிமுகத்துச் சத்தம்

ஜனவரி 12

அக்கா அவர்களுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். முடியாது என்றால் ஒரு வரி போட்டுவிடுங்கள், போதும். வருத்தப்பட மாட்டேன்.

எங்கள் ஆய்வு நிலையத்தில் செப்பிலி மீனின் குஞ்சுகளை வளர்க்கிறோம். முட்டை பொரிந்ததும் நீரோட்டம் குஞ்சுகளை ஆழ்கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். மூன்று வாரம் கழிந்ததும், அரிசி நீளம்கூட இல்லாத அந்தக் குஞ்சுகள் திரும்பிக் கரையைத் தேடி வருகின்றன. கழிமுகத்துக் கடற்புல்லுக்குள் புகுந்து அங்கேதான் வளர்கின்றன. அவ்வளவு பெரிய கடலில் அவை எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்பதுதான் என் வேலை. சத்தத்தைக் கேட்டு வருகின்றன என்பது என் கணிப்பு. தாய் மீன்கள் நம் கரையில் பிடித்தவை. அதனால் உங்கள் மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கழிமுகத்தின் சத்தம் எனக்கு வேண்டும்.

போன வருஷம் வளர்த்த குஞ்சுகள் எல்லாம் செத்துப்போயின. இந்தப் பருவத்திலும் முடிவு வராவிட்டால் ஆகஸ்டோடு என் வேலை முடிந்தது.

சம்மதம் என்றால் கருவிகளைப் பார்சலில் அனுப்புகிறேன். போனில் கேட்டிருக்கலாம். எழுதுவதே நல்லது என்று பட்டது.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 1

அடேய் நெத்திலி,

நான் நன்றாக இருக்கிறேன். மாமா நன்றாக இருக்கிறார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதுவும் அவரைப் போலவே ஒன்றும் பேசாது. உனக்கு அந்தப் பழைய இருமல் விட்டதா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை குஞ்சுகளுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்கிறாயா?

பதினோரு மாதம் மூச்சுப் பேச்சு இல்லை. இப்போது ஒரு கடிதம். அதிலும் "அவர்களுக்கு", "நீங்கள்"! உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். எந்த ஆபீசுக்கு மனுப் போடுகிறாய்? ஏதோ கோபம் என்று தெரிகிறது. என்ன என்று தெரியவில்லை. சரக்கில் குறை இருந்தால் கூடையைப் புரட்டிக் காட்டு. மூடி வைத்தால் நாறும்.

கருவியை அனுப்பு. செய்கிறேன். இதற்கு ஒரு மனு வேண்டுமா?

இங்கே வியாபாரம் நன்றாக நடக்கிறது. முன்பெல்லாம் ஏலத்தில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு சட்டம் போட்டுவிட்டேன். யாரும் வாய் திறக்கக் கூடாது. என் முகத்துக்கு நேரே நின்று விரல் காட்ட வேண்டும். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். "அக்கா ஊமைப் படம் ஓட்டுறாங்க" என்றான் ஒருவன். இப்போது சண்டை இல்லை, "நான்தான் முதலில் சொன்னேன்" என்ற தகராறு இல்லை. அடுத்த படகுத்துறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன் பண்ணாததே நல்லது. போனில் பேசினால் பாதிப் பேச்சு காற்றில் போய்விடுகிறது. கடிதம் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிக்கலாம்.

மீனுக்குக் காது உண்டா? முப்பது வருஷமாக மீன் விற்கிறேன், ஒரு காதைப் பார்த்ததில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

வணக்கம். இருமல் இல்லை. சாப்பிடுகிறேன். கோபம் ஒன்றும் இல்லை.

பார்சல் இத்துடன் வருகிறது. ஒரு ரெக்கார்டர், ஆறு கேசட், இரண்டு மைக். கறுப்பு ரப்பர் உறை போட்டது தண்ணீருக்குள் இறக்கும் மைக். கயிற்றில் சிவப்புத் துணி கட்டியிருக்கும் இடம் வரை விடுங்கள். இன்னொன்று பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கும். சுற்றி மழையா, காற்றா, படகு போனதா என்று நாங்கள் தெரிந்துகொள்ள அது வெளிச் சத்தத்தைப் பதிவு செய்யும். புல் திட்டின் ஓரத்தில் படகை நிறுத்துங்கள். விடிந்த பிறகு, கடல் உள்ளே ஏறும் ஏற்றத் தண்ணீரில், ஒரு மணி நேரம். அப்போது பக்கத்தில் எந்த இஞ்சினும் ஓடக் கூடாது. இதுதான் முக்கியம். பக்கத்து ஐஸ் ஆலையின் பம்புச் சத்தம் கலந்தால் கேசட் வீண்.

மீனுக்குக் காது உண்டு, உள்ளே இருக்கிறது. கத்தாழை மீனின் தலையை வெட்டினால் இரண்டு வெள்ளைக் கல் கிடைக்குமே, நீங்கள் தூக்கி எறிவீர்களே, அதுதான் காதுக்கல். குஞ்சுக்கும் உண்டு, மணலைவிடச் சின்னதாக. மரத்துக்கு வருஷ வளையம் போல அந்தக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழும். அதை எண்ணித்தான் குஞ்சின் வயதைச் சொல்கிறோம்.

கடற்புல்லுக்குள் ஒரு சின்ன இறால் இருக்கிறது. விரல் சொடுக்குவது போலக் கொடுக்கைச் சொடுக்கும். ஆயிரக்கணக்கில் சொடுக்கும்போது எண்ணெயில் ஏதோ பொரிவது போலக் கேட்கும். வெறும் மணல் தரையில் அந்தச் சத்தம் வராது. புல் இருக்கும் இடம், ஒளிய இடம், சாப்பாடு இருக்கும் இடம் என்று அந்தச் சத்தத்தை வைத்துக் குஞ்சு தெரிந்துகொள்ளும் என்று நினைக்கிறேன்.

சிரமத்துக்கு மன்னியுங்கள். மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 10

நெத்திலிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. இன்னும் "நீங்கள்" போகவில்லை என்பதைப் பார்த்தேன். இருக்கட்டும், சளி மாதிரி அதுவே போகும்.

கேசட் மூன்றை அனுப்பியிருக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஏலம் இல்லாத நாள், விடிந்ததும் சின்னப் படகில் போனேன். நானே துடுப்புப் போட்டேன். உன் மாமா "நானும் வரேன்" என்று நின்றார். நீ ஏறினால் படகு சாயும், உன் முழங்கால் முனகும், அதையும் அந்த மைக் பிடித்துவிடும் என்று கரையிலேயே விட்டுவிட்டேன்.

இஞ்சின் விஷயத்தில் நீ கவலையே படாதே. ஐஸ் ஆலைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தேன். ஐஸ் உடைக்கும் மிஷினை நிறுத்தினார், தண்ணீர் பம்பையும் நிறுத்தினார். படகுக்காரர்களையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டேன். அப்படி ஓர் அமைதியை நீ கேட்டிருக்க மாட்டாய். ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி. புல்லுக்குள் உன் குஞ்சுகள் ஊசி ஊசியாக ஓடுவது தெரிந்தது. முப்பது வருஷமாக அந்தத் தண்ணீரின் மேலே வியாபாரம் செய்கிறேன், குனிந்து பார்த்தது இப்போதுதான்.

அந்தக் காதுக்கல் சங்கதியை எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கத்தாழை வெட்டுகிற அம்மா இப்போது கல்லை எறிய மனசில்லாமல் டப்பாவில் போட்டு வைக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். ஒரு குஞ்சுக்குக் காது கெட்டுப்போனால் என்ன ஆகும்? கல் உடைந்துபோனது என்று வை. வழி தெரியாமல் நடுக்கடலில் செத்துப்போகுமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

அக்கா


ஏப்ரல் 18

மாமாவுக்கு வணக்கம்.

உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. இதை அக்காவிடம் காட்ட வேண்டாம். காரணம் படித்தால் புரியும்.

அக்கா அனுப்பிய மூன்று கேசட்டையும் கேட்டேன். மூன்றிலும் பம்பு ஓடுகிறது. முதல் நிமிஷம் முதல் கடைசி வரை, டக டக என்று, பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுவது போல. ஐஸ் ஆலைக்காரர் மறந்திருக்கலாம். ஆனால் அக்கா "ஊசி விழுந்தால் கேட்கும்" என்று எழுதியிருக்கிறாள். அக்கா பொய் எழுத மாட்டாள்.

இரண்டாவது கேசட்டில், பெட்டியின் மேலே இருக்கும் மைக்கில், உங்கள் குரல் இருக்கிறது. கரையிலிருந்து, "ஏய், போதும், வெயில் ஏறுது, வா" என்கிறீர்கள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிடுகிறீர்கள். பிறகு துடுப்புச் சத்தம். வேறு படகில் வந்தீர்கள் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து மூன்றாவது தடவை, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். அப்புறம் மெதுவாக, உங்களுக்கே சொல்லிக்கொள்வது போல, "இன்னிக்கும் கேக்கல" என்கிறீர்கள். மறுபடியும் துடுப்புச் சத்தம், படகைச் சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் போகிறீர்கள் போல. உடனே அக்காவின் குரல்: "எப்ப வந்த? சத்தமே இல்லாம வந்து நிக்கிற, பேய் மாதிரி!"

அதை நான் எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மாமா, போன வருஷம் பிப்ரவரியில் நான் கூடத்துக்குப் போன் செய்தேன். குஞ்சுகள் எல்லாம் செத்துப்போன வாரம் அது. "அக்கா, இங்க என்னால முடியல, அங்கயே வந்துடட்டுமா?" என்று கேட்டேன். "இங்க இடமில்லைங்க. வேற கரை பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். என்னை "ங்க" போட்டுப் பேசினாள். படிப்பை முடித்ததும் தொழிலுக்கு வா என்று அவள் கூப்பிட்டபோது நான் வரவில்லை, அதற்குத்தான் இப்படி யாரோ மாதிரி பேசுகிறாள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து நானும் "நீங்கள்" என்று ஆக்கிவிட்டேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அன்று பேசியது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா?

தம்பி


ஏப்ரல் 20

அன்பு அக்கா,

நலமா? நான் நலம். பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. திட்டாதே.

கேசட் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஒரு பதிவு இன்னும் வேண்டும். இங்கே ஒரு புது விதி போட்டிருக்கிறார்கள்: படகில் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் பெட்டியைப் பார்க்க, ஒருவர் சுற்றுமுற்றும் பார்க்க. மாமாவையும் ஏற்றிக்கொள். முழங்கால் முனகினால் பரவாயில்லை.

நீ கேட்டாயே, காது கெட்ட குஞ்சு என்ன ஆகும் என்று. சாகாது அக்கா. ஒரு வழி அடைபட்டால் அதற்கு வேறு வழி இருக்கிறது. புல்லின் மணம் தண்ணீரில் கலந்து வெகுதூரம் வரும், அதை மோந்து பிடிக்கும். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து நீந்தும். எல்லாவற்றையும்விட, குஞ்சு தனியாக வருவது குறைவு. பக்கத்தில் நீந்துகிறவன் திரும்பினால் அந்த அசைவு இதன் உடம்பில் படும், இதுவும் திரும்பும். காது நன்றாக இருக்கிற குஞ்சு தனியாகப் போய்த் தவறுவதும் உண்டு. காது போன குஞ்சு கூட்டத்தோடு வந்து சேர்வதும் உண்டு.

சும்மா கேட்டதற்கு நீளமாக எழுதிவிட்டேன்.

உன் தம்பி


மே 6

தம்பிக்கு,

மாமா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இஞ்சினைப் பிரித்து மாட்டுவது போல வரி வரியாகப் போடுகிறேன்.

ஆமாம். அவளுக்குக் கேட்கவில்லை. இடது காது போய் ஐந்தாறு வருஷம் இருக்கும். ஐஸ் உடைக்கும் மிஷின் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றாள். வலது காது இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். விரல் ஏலம் அதற்குத்தான். எவ்வளவு கெட்டிக்காரி பார்.

அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்லும்போது சொல்லட்டும் என்று முன்னால் வந்து நின்று பேசப் பழகிக்கொண்டேன்.

போன வருஷம் பிப்ரவரியில் அடுத்த துறையில் மணல் மூடிவிட்டது. அங்கேயிருந்த படகுக்காரர்கள் எல்லாம் இங்கே இடம் கேட்டுப் போன் செய்தார்கள். கூடத்துப் போன் அடித்தால் அதன் விளக்கு எரியும். அதைப் பார்த்து எடுப்பாள். யார் பேசினாலும் ஒரே பதில்தான்: "இங்க இடமில்லைங்க, வேற கரை பாருங்க." அந்த மாதம் முழுவதும் அப்படித்தான். நீ பேசியதே அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று சாயங்காலமே உன்னை அழைத்துவரப் புறப்பட்டிருப்பாள்.

பம்பு சங்கதி ஐஸ் ஆலைக்காரரின் தப்பு. மூன்று ஞாயிறும் மிஷினை மட்டும் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பம்பும் நிற்க வேண்டும் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


மே 24

நெத்திலி,

இந்தக் கடிதத்தில் நல விசாரணை கிடையாது. உன் மாமா நலமாக இருக்கிறார், ஆனால் என்னிடம் வசமாக மாட்டிக்கொண்டார்.

தபால்காரர் என்னைப் பார்த்து, "வீட்டுக்காரர் நேத்து ஸ்டாம்ப் வாங்கினாரே, யாருக்கு?" என்றார். இந்த மனுஷர் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட ஸ்டாம்ப் ஒட்டியவர் இல்லை. ஆறு வாரம் கழித்து வந்த உன் கடிதத்தில் "நீங்கள்" போய் "நீ" வந்திருக்கிறது. அதோடு ஒரு புது விதி. ஆய்வு நிலையம் விதி போடுமா, நீ போட்டாயா என்று எனக்குத் தெரியாதா? கூடைக்கு மேலே பெரிய மீன், அடியில் பொடி மீன் என்று எத்தனை பேர் அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்! அவருடைய ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய்த் துணியில் சுற்றி உன் கடிதம்.

படித்தேன். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சரி, சொல்கிறேன். டாக்டரிடம் தனியாகப் போய் வந்தேன். நரம்பு போய்விட்டது, திரும்பாது, மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கலாம் என்றார். யாரிடமும் சொல்லவில்லை. ஏலக்கூடத்தில் காது கேட்காதவளிடம் எவன் மீனைக் கொட்டுவான்? எனக்குப் பின்னால் நின்று நாலு பேர் பேசி விலையை அமுக்கினால் நான் என்ன செய்வேன்? கையில் ஒரு கூடையோடு ஆரம்பித்த தொழில். அதை இந்தக் காதுக்காகத் தொலைக்க முடியாது. அதனால் விரலைக் காட்டச் சொன்னேன். சட்டம் போட்டவளைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள். யாரும் சந்தேகப்படவில்லை.

உன் மாமா மட்டும் ஏன் எப்போதும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார் என்று எனக்கும் புரியவில்லை. வயதாகிறது, கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். "இன்னிக்கும் கேக்கல." எத்தனை நாள் அப்படிச் சொல்லியிருப்பார்? கடிதத்தை அவர் முன்னால் நீட்டிக் கேட்டேன். "நீ கேக்கலைன்னு நான் கூப்பிடறத நிறுத்தலையே" என்றார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் மறைத்துவிட்டது. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார்.

அது இருக்கட்டும். அந்தப் போன்.

அந்த மாதம் போனில் எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு கரகரப்புதான். எதிரில் இருப்பவர் மூச்சு நிறுத்தினார் என்றால் கேள்வி முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன். உடனே பதிலைச் சொல்வேன். கூட்டமாக இருந்த துறை. எல்லோருக்கும் ஒரே பதில். அதில் ஒருவன் நீ. நீ மூச்சு நிறுத்தினாய், நான் இடமில்லை என்றேன்.

எழுந்து போய்ப் பார்சலைக் கட்டி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கேசட் இரண்டு அனுப்புகிறேன். மாமாவைப் படகில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். பம்பு நிற்கும்வரை அவர் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு தட்டு என்றால் இன்னும் ஓடுகிறது. ஆலைக்காரரிடம் திரும்பிப் போய் நான் போட்ட சத்தம் கேசட்டில் இல்லை, அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். பிறகு ஒரு தட்டு. மைக்கை இறக்கினேன்.

அக்கா


ஜூன் 25

அன்பு அக்கா,

நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன், உண்மையாகவே. இருமலும் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று குஞ்சுகளுக்கு வயது ஏழு நாள். அவை வளரும்வரை எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். நல்ல சேதி இல்லாமல் உனக்கு எழுத மனசு வரவில்லை.

இருபத்து நாலாம் நாள் பார்த்தோம். ஒரு நீளத் தொட்டி. இரண்டு முனையிலும் தண்ணீருக்குள் ஒலிபெருக்கி. ஒன்றில் உன் புதிய கேசட், மற்றதில் வெறும் மணல் தரையின் சத்தம். நடுவில் ஒரு குஞ்சை விடுவோம். பத்து நிமிஷம் பார்ப்போம். பிறகு இடம் மாற்றி வைத்து அடுத்த குஞ்சு. அறுபது குஞ்சில் நாற்பத்து நாலு உன் பக்கம் போயின. மறுநாள் அவ்வளவு நன்றாக இல்லை, தண்ணீர் சூடாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் மறுபடியும் நாற்பதுக்கு மேல். சில குஞ்சுகள் ஒரே திசையில் போகவில்லை. நின்றன, சுற்றின, சுவரில் முட்டின, பிறகு திரும்பின. நடுவில் நின்ற ஒன்று ஏழு நிமிஷம் அசையவே இல்லை. எனக்கே பொறுக்கவில்லை. "போடா" என்று சொல்லிவிட்டேன். எங்கள் பேராசிரியர் என்னை முறைத்தார்.

பழைய கேசட்டையும் போட்டுப் பார்த்தோம், பம்புச் சத்தம் கலந்ததை. அதற்குக் குஞ்சுகள் எந்தப் பக்கமும் சேரவில்லை. தாறுமாறாக ஓடின. அதில் புல்லின் சத்தமும் இருக்கத்தான் செய்கிறது அக்கா, உள்ளே நன்றாகவே இருக்கிறது. மேலே இருப்பது மறைத்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் உன் கேசட் எதுவுமே வீண் இல்லை. இந்த வருஷத்து ஆய்வில் பாதி அதுதான். கடற்கரையில் பம்பு வைப்பவர்கள் குஞ்சு வரும் வாரங்களில் என்ன செய்ய வேண்டும் என்று இதை வைத்து எழுதப் போகிறோம்.

என் வேலையை இரண்டு வருஷம் நீட்டித்துவிட்டார்கள்.

அந்தப் போனை மறந்துவிடு. நான் அன்று இன்னொரு தடவை போன் செய்திருக்கலாம். பஸ் ஏறி வந்திருக்கலாம். ஒரு கடிதம் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்தேன். என் காது நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியும் தப்பாகக் கேட்டேன். இப்போது நான் இடம் கேட்கவில்லை. இங்கே ஒரு மாதிரி காலூன்றிவிட்டேன். நீ அதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

டாக்டர் சொன்ன மிஷினை வாங்கினாயா?

உன் நெத்திலி


ஜூலை 17

என் நெத்திலிக்கு,

நான் நலம். மாமா நலம். உன் வேலை நீண்டது கேட்டு மாமா இரண்டு வார்த்தை பேசினார், அதுவே பெரிய கொண்டாட்டம். நாற்பத்து நாலு குஞ்சு என்பதைக் கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். கத்தாழை வெட்டுகிற அம்மா, "மிச்சம் பதினாறு எங்க போச்சு?" என்று கேட்கிறாள். நீயே எழுது.

மிஷின் வாங்கினேன். சுகமில்லை. ஐஸ் உடைவதும் மனுஷன் பேசுவதும் ஒரே தகரச் சத்தமாக விழுகிறது. எதிரே நின்று பேசினால், வாயையும் பார்த்தால், முக்கால்வாசி புரிகிறது. போனில் ஒன்றும் ஆகாது.

கூடத்தில் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஏலம் ஆரம்பிக்கும் முன் தராசு மேடையில் ஏறி நின்றேன். "எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா கேக்கல. விரல் ஏலம் உங்க ஒழுக்கத்துக்காக இல்ல, என் காதுக்காக. இனிமே என் பின்னால நின்னு எவன் பேசினாலும் என் வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டு எனக்கு முன்னால வந்து சொல்வார். இப்ப யாருக்கு இங்க மீன் கொட்ட இஷ்டமில்லையோ, தாராளமா போகலாம்." மூன்று படகு போய்விட்டது. ஒன்று பெரிய படகு, பதினெட்டு வருஷம் என்னிடம் வந்தவர். அது வலித்தது. இல்லை என்று எழுத மாட்டேன். மற்றவர்கள் நின்றார்கள். ஐஸ் ஆலைக்காரர் மட்டும், "அப்போ அன்னைக்கு பம்ப நான் நிறுத்தலைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லவில்லை. பயம் இருக்கட்டும்.

நீ அந்தப் போனை மறந்துவிடச் சொல்கிறாய். இப்போது இடம் கேட்கவில்லை என்கிறாய். அது உன் சங்கதி. என் சங்கதி வேறு. என் வாயால் ஒரு பதில் சொல்லியிருக்கிறேன், அது தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. வாயால் கொடுத்ததை வாயால்தான் திரும்ப வாங்க முடியும், எழுதினால் சரியாகாது.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் நிலையத்துக்குப் போன் செய்வேன். போனுக்குப் பக்கத்தில் இரு. முதலில் மாமாதான் போனைக் காதில் வைத்திருப்பார். எடுத்ததும் அவரிடம் "நான்தான்" என்று சொல், அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி என்னிடம் கொடுப்பார். பிறகு நான் பேசுவேன். நான் மட்டும் பேசுவேன். நீ கேள்வி கேட்காதே, சமாதானம் சொல்லாதே, எனக்கு ஒன்றும் விழாது. பதில் இருந்தால் கடிதத்தில் எழுது. நீ அன்று கேட்டதை மறுபடியும் கேட்க வேண்டாம். அது என்ன என்று எனக்கு இப்போது தெரியும். அதற்கு என்னிடம் இருக்கிற பதிலைச் சொல்கிறேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அப்புறம் போனை வைத்துவிடுவேன்.

உன் அக்கா